கேட்கக் கூடாத கூப்பாடு

அத்தியாயம் 4

"கூப்பிட்ட குரலுக்கு 'என்ன'ன்னு கேட்டது ஒரு குத்தமா? அதுக்காக வீட்டையே பிடுங்கிக்குவாங்களா?"

சலவைக்காரம்மா கேட்டுக்கொண்டே ஒரு படுக்கை விரிப்பை முறுக்கிப் பிழிந்தாள். விரிப்பு என்னவோ அருவி விடுதிக்குச் சொந்தம். பிழிகிற பிழியைப் பார்த்தால் அது விடுதி முதலாளியின் கழுத்து மாதிரி உதிரிக்குப் பட்டது. மரியாதையாக ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

உதிரி என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. அப்பாவின் ஜவுளிக்கடைகளை அண்ணன்மார் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டபோது மிச்சம் நின்றவன் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். கடைதான் கிடைக்கவில்லை, வாயாவது இருக்கிறதே என்று துப்பறியும் தொழிலுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தான். அவனுடைய முதலாளியம்மா துவைக்கும் தொட்டியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தாள். தராசு என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஒரு ஆளை ஏற இறங்க ஒரு தரம் பார்த்தால் போதும், எடை சொல்லிவிடுவாள். பெரும்பாலும் எடை குறைவாகத்தான் இருக்கும். அதை மறைக்க வேண்டும் என்று அவள் முகத்துக்குத் தோன்றியதே இல்லை.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள் தராசு. "அழாம சொல்லு. நீ அழுதா அவனுக்குத்தான் லாபம்."

விஷயம் இதுதான். நாற்சந்தியில் ஒரு கல் நிற்கிறது. அந்தக் காலத்துப் பிரபு எவனோ வெட்டி வைத்தது. அருவியடியில் குடியிருப்பவனுக்கு, அங்கே நின்று அவன் கூப்பிடும் குரலுக்குப் பதில் வரும் தூரம் வரை நிலம் சொந்தம் என்று அதில் எழுதியிருக்கிறது. காக்கா உட்காரத்தான் அந்தக் கல் என்று ஊர் நினைத்திருக்க, விடுதி முதலாளி வழக்குப் போட்டு, கல்லில் உள்ளது இன்றும் செல்லும் என்று தீர்ப்பு வாங்கிவிட்டார். அருவி விழுவது அவருடைய விடுதி முற்றத்தில். அப்புறமென்ன? போன வாரம் நில அதிகாரியைச் சலவைக்காரம்மாவின் வேலியோரம் நிறுத்திவிட்டு, பழைய சாமான் ஏலம் போடும் ஒருவனை அருவியடியில் நின்று கத்தவிட்டார். கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தவள், யாரோ வாடிக்கைக்காரர் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "யாருய்யா அது, என்ன வேணும்?" என்று பதில் கொடுத்துத் தொலைத்தாள்.

அதோடு வீடு, கொல்லை, தொட்டி, தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த துணி எல்லாம் பதில் வந்த தூரத்துக்குள் அடங்கிப்போயின. இன்று பிற்பகல் அதிகாரி மறுபடி வந்து, கடைசியாக ஒரு தரம் கூப்பிடச் சொல்லிக் கேட்டுவிட்டு, எல்லை முளை அடித்துவிட்டுப் போவார்.

"இந்தத் தடவை செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்," என்றாள் சலவைக்காரம்மா.

"நீங்க திறக்கலைன்னா என்ன, போன வாரம் கொடுத்த பதிலே போதும், அதிகாரிக்குக் காது இருக்கே," என்றான் உதிரி. "உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"முதலாளி கால்ல போய் விழுன்னார். எனக்கு விரிப்பு காயணும், நீங்களே போய் விழுங்கன்னேன். கோவிச்சுக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டார்."

"சரி, வீட்டுல ஒரு சுமை குறைஞ்சுது."

"அன்னைக்கு வேற என்ன நடந்துச்சு?" என்றாள் தராசு.

"வேற என்ன நடக்கணும்? எல்லாரும் அந்தப் பக்கம் போனாங்க, கொஞ்ச நேரத்துல இதோ இந்தப் பின்பாறையிலேர்ந்து தண்ணி வழிஞ்சு, காயப்போட்ட துணியெல்லாம் பாழ். வானத்துல ஒரு மேகம் இல்ல. கெட்ட நேரம் வந்தா ஜோடியாத்தான் வரும்போல. அத்தனையும் மறுபடி அலசினேன். அலசி முடிச்சு 'துணி ரெடி'ன்னு கத்தினா அந்த விடுதி வாசல் காவலாளுக்குக் கேக்குதா? தினமும் தொண்டை கிழியுது. அருவி இரைச்சல்ல ஒரு நாளும் அவன் காதுல விழுந்ததில்ல. நானேதான் தலையில தூக்கிட்டுப் போறேன்."

தராசு டீயை ஊதுவதை நிறுத்தினாள். தொட்டிக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக நின்ற பாறையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து தொட்டியைப் பார்த்தாள். தரைப் பாறையிலேயே உருண்டையாகக் குடைந்த பள்ளம். ஆள் இறங்கினால் முங்கும். விளிம்பு கையால் தடவினாற்போல் வழவழவென்றிருந்தது.

"இதை யார் வெட்டினது?"

"யாருக்குத் தெரியும்? எங்க வீட்டுக்காரர் குடும்பம் இங்க குடிவந்த நாள்லேர்ந்து இருக்காம். நான் வாக்கப்பட்டு வந்தப்ப என் மாமியார் வீட்டைக் காட்டல, இதைத்தான் காட்டினாங்க. இவ்வளவு பெரிய தொட்டி எந்தச் சலவைக்கடையில இருக்கு சொல்லுங்க!"

தராசு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "எழுந்திரு உதிரி. அருவி பாக்கப் போறோம்."

"குளிக்கவா அக்கா?"

"உனக்கு அது அவசியம்தான். ஆனா இன்னைக்கு வேற வேலை."

விடுதியின் கூடத்தில் நுழைந்ததும் முதலாளியின் தாத்தா வரவேற்றார். சுவர் நிறையப் படமாக. மீசைக்கு மட்டும் ஓவியன் தனியாகக் கூலி வாங்கியிருப்பான். வலது கை ஓர் அருவியைச் சுட்டிக்காட்டியது. கீழே பித்தளைத் தகட்டில், 'இந்த அருவியைக் கண்டுபிடித்தவர்' என்று இருந்தது.

"அதுவரைக்கும் அருவி எங்க ஒளிஞ்சிருந்துச்சாம்?" என்றான் உதிரி. "கட்டிலுக்கு அடியிலயா?"

"யாரது?" என்று கேட்டுக்கொண்டே முதலாளி வந்தார். தலைச்சாயம் காதுவரை வழிந்திருந்தது. சட்டைப் பையில் சிவப்புப் பட்டுக் கைக்குட்டை ஒன்று பூ மாதிரி எட்டிப் பார்த்தது. தராசு ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். எடை போட்டு முடித்துவிட்டாள் என்பது உதிரிக்குத் தெரிந்தது. கைக்குட்டையைக் கழித்தால் அதிகம் தேறாது.

"அருவியோட வரலாறு தெரிஞ்சுக்கலாம்னு வந்தோம்," என்றாள்.

வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளிக்கு மார்பு விரிந்தது. "தாராளமா! எவ்வளவு பெரிய மனசு பாருங்க அந்தப் பிரபுவுக்கு! குரல் எட்டற வரைக்கும் நிலம்னு தூக்கிக் கொடுத்திருக்கான். இந்தக் காலத்துல யார் கொடுப்பா?"

"பெரிய மனசா?" தராசு சிரிக்காமல் கேட்டாள். "மைதானத்துல நின்னு கத்தச் சொல்லியிருந்தா மனசு பெருசுன்னு ஒத்துக்குவேன். கொட்டற அருவிக்கு அடியில நின்னு கத்தச் சொல்லியிருக்கான். சரியான கஞ்சன். கொடுத்த மாதிரியும் இருக்கணும், கொடுக்காத மாதிரியும் இருக்கணும்."

முதலாளிக்கு அது புரியவில்லை. புரியாததற்கெல்லாம் சிரிப்பது அவர் வழக்கம். சிரித்துவிட்டு உள்ளே போனார்.

அருவியடியில் இரைச்சல் காதைப் பிய்த்தது. உதிரியை நீர் விழும் இடத்தில் நிறுத்திவிட்டு, தராசு விடுதிப் படிக்கட்டுக்குப் போய்க் கையைத் தூக்கினாள். உதிரி மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினான். தொண்டை நரம்பு புடைக்க, கை காலெல்லாம் ஆட்டிக் கத்தினான். படிக்கட்டில் நின்றவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தான்.

"கேட்டுச்சா அக்கா?"

"ஒரு எழுத்துக்கூடக் கேக்கல. என்ன கத்தின?"

"உங்களைத்தான் கொஞ்சம் திட்டினேன். பல நாள் பாக்கி."

"நல்லவேளை பிழைச்ச." அவள் தண்ணீர் விழும் பாறையைச் செருப்பு நுனியால் தட்டிப் பார்த்தாள். மேஜை போலத் தட்டையாகக் கிடந்தது. விளிம்புகள் இன்னும் கூராகவே இருந்தன. "படிக்கட்டுக்கே எட்டாத குரல் சலவைக்காரம்மா கொல்லை வரைக்கும் எப்படிப் போச்சு?"

"ஏலக்காரன் தொண்டை அப்படி. ஓட்டைக் குடத்தையே மூணு தெருவுக்குக் கேக்க விப்பான். இல்லைன்னா ஒலிபெருக்கி வச்சிருப்பானுங்க."

"பக்கத்துல நின்ன அதிகாரிக்கு ஒலிபெருக்கிச் சத்தமா மனுஷத் தொண்டையான்னு தெரியாதா? அவர் சோம்பேறிதான், செவிடு இல்ல. குரல் பெருசாகலடா. இரைச்சல்தான் சின்னதாயிருக்கு. வா, மேல ஏறலாம்."

மேலே போகும் ஒற்றையடிப் பாதையில் 'பாம்பு நடமாட்டம், செல்லாதீர்' என்று ஒரு பலகை. உதிரி அங்கேயே நின்றுவிட்டான். தராசு பலகையைக் கடந்து போனாள். வேறு வழியில்லாமல் அவனும் போனான்.

உச்சியில் ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் பாம்பு இல்லை. இரும்பு மதகு ஒன்று இருந்தது. மேலே ஒரு திருகு சக்கரம். மதகில் இருந்த துருவுக்கும் தாத்தாவின் மீசைக்கும் ஒரே வயது. சக்கரத்தில் மட்டும் புதுக் கிரீஸ் கறுப்பாக மின்னியது. காவல் குடிசையில் ஆள் இல்லை. சாப்பிடப் போயிருக்க வேண்டும்.

"பாம்புக்கு எதுக்கு அக்கா கிரீஸ்? மூட்டு வலியா?"

மதகைத் திறந்து வைத்திருந்ததால் தண்ணீர் முழுக்க விடுதிப் பக்கம் வெட்டிய கால்வாயில் ஓடியது. மூடினால் மறுபக்கம் திரும்பும். அந்த மறுபக்கத்தில் பழைய ஓடை ஒன்று புதர் மண்டிக் கிடந்தது. விடுதிக்காரர்கள் அதைக் குப்பைமேடாக்கியிருந்தார்கள். கிழிந்த மெத்தை, கால் போன நாற்காலி, பிளாஸ்டிக் வாளி, தலையணை என்று வரிசையாக அடைத்துக்கொண்டிருந்தன.

உதிரி துள்ளினான். "பிடிச்சாச்சு! மதகை மூடி, அருவியோட வாயை அடைச்சுட்டு, அப்புறம் கத்த விட்டிருக்கான் திருட்டுப்பய! வாங்க, அதிகாரிகிட்ட இப்பவே சொல்லிடலாம்."

"சொன்னா, 'ஆமா, மூடினேன், அதுக்கென்ன'ன்னு கேப்பான். நீ என்ன பதில் சொல்லுவ?"

உதிரி மதகை ஒரு தரம் சுற்றி வந்தான்.

"ஜவுளிக்கடையில பொறந்துட்டு இது தெரியலையா? பேரத்துல முதல்ல வாயைத் திறக்கறவன் தோத்தான். அவன் திறக்கட்டும். அதுவரைக்கும் நீ சும்மா நிக்க வேண்டாம். அந்த மெத்தையெல்லாம் தூக்கி வெளிய போடு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு சொன்னா கூலி கேப்ப."

ஊரில் உள்ளவன் படுத்துப் புரண்ட மெத்தைகளை எல்லாம் இழுத்துப் போட்டு முடித்தபோது உதிரியின் இடுப்பு தனிக் கட்சி ஆரம்பித்திருந்தது. துப்பறிவது என்றால் பூதக்கண்ணாடி பிடிப்பது என்று தன்னிடம் சொன்னவனை மனதுக்குள் தேடிப் பிடித்து உதைத்தான்.

பிற்பகலில் சலவைக்காரம்மாவின் கொல்லையில் கூட்டம் கூடியது. நில அதிகாரி குடையை விரித்துக்கொண்டு, குடைக்குள்ளேயே கொட்டாவி விட்டார். அவருடைய ஆள் ஒரு கட்டு முளையும் சுத்தியலுமாக நின்றான். முதலாளி கைக்குட்டையைச் சரி செய்தபடி, வாங்கப் போகும் மாட்டைப் பார்ப்பது போல வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "இந்த ஓட்டு வீட்டை இடிச்சுட்டு வண்டி நிறுத்தற இடமாக்கிடலாம்," என்று சொல்லிக்கொண்டார். சலவைக்காரம்மா விரிப்பின் ஒரு முனையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பதில் வந்துவிடக் கூடாதே என்ற பயம். வேலிக்கு அப்பால் விடுதி. அதன் முற்றத்தில் அருவி. அருவியடியில் ஏலக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பது புள்ளியாகத் தெரிந்தது. விடுதிக்கும் அந்தப் பக்கம் சாலை.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்," என்று தராசு குழைந்தாள். அவள் குழைந்தால் யாருக்கோ கேடு என்பது உதிரிக்குத் தெரியும். "காலையில அருவியடியில நின்னு கத்திப் பாத்தோம். படிக்கட்டுக்குக்கூடக் கேக்கல. போன வாரம் மட்டும் இவ்வளவு தூரம் எப்படிக் கேட்டுச்சு? ஏதாவது பித்தலாட்டமா?"

குடை லேசாக முதலாளி பக்கம் திரும்பியது.

முதலாளி சிரித்தார். "பித்தலாட்டம் எங்க பரம்பரையிலயே கிடையாது. மேல மதகு இருக்கு, எங்க தாத்தா போட்டது. தண்ணியை நிறுத்திட்டுக் கூப்பிட்டோம். கல்லுல குரல்னுதானே போட்டிருக்கு, இரைச்சல்னு போடலையே? அந்தக் காலத்துல கோடையில தண்ணி வத்தினப்பதான் கூப்பிடுவாங்களாம். பெரியவங்க சொல்லியிருக்காங்க."

அந்தப் பெரியவர்கள் இந்த நொடியில்தான் பிறந்தார்கள் என்று உதிரிக்குப் பட்டது.

"நியாயமாத்தான் இருக்கு," என்றார் அதிகாரி.

"அப்படின்னா தண்ணி இரைச்சல் கணக்குல சேராது. யார் கூப்பிட்டாலும் அப்படித்தானே?" என்றாள் தராசு.

"யார் கூப்பிட்டாலும்."

"நிலம் அருவியடியில குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான்?"

"கல்லுலயே இருக்கேம்மா! உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"ஐயா, நீங்களும் கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன். வெயில் கொளுத்துது, ஆகட்டும்."

உதிரி தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, கையில இருந்தது ஒரே ஒரு கல். அதையும் எடுத்து அவன் கையிலயே கொடுத்துட்டீங்களே!"

முதலாளி சிவப்புக் கைக்குட்டையை உருவி உச்சியைப் பார்த்து ஆட்டினார். சற்று நேரத்தில் அருவி மெலிந்து, கயிறாகி, நூலாகி, நின்றுபோனது. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது போலிருந்தது. அந்த அமைதியில் ஏலக்காரனின் "ஓஓஒய்!" வேலியைத் தாண்டி வந்து தொட்டியில் விழுந்தது. அதிகாரி தலையை ஆட்டினார். முளைக்காரன் முதல் முளையைக் கையில் எடுத்தான். சலவைக்காரம்மாவின் கண்ணில் நீர் முட்டியது. விரிப்பை இன்னும் இறுகக் கடித்தாள்.

"வாயிலேர்ந்து அதை எடு," என்றாள் தராசு. "தொட்டி விளிம்புல ஏறி நின்னு, தினமும் கத்துவியே, அதைக் கத்து."

"இப்ப எதுக்கும்மா அது?"

"கத்துன்னா கத்து."

"துணி ரெடீஈஈ!"

விடுதிக்கும் அந்தப் பக்கம், சாலை ஓரத்திலிருந்து ஒரு குரல் தெளிவாகத் திரும்பி வந்தது. "கேக்குதும்மா! இதோ வண்டி அனுப்பறேன்!"

"அது யாரு?" என்றார் அதிகாரி.

"விடுதி வாசல் காவலாள்," என்றாள் தராசு. "பாவம், இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் அவருக்குக் கேட்டிருக்கு."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டா என்ன? இவ என்ன அருவியடியிலயா குடியிருக்கா? அடிய்யா முளையை!"

தராசு முளைக்காரனின் குறுக்கே போய் நின்றாள். முளை எந்தப் பக்கம் வரும், வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்று ஆரம்பித்தாள். உள்ளே என்றால் ஏன் உள்ளே என்றாள். அதிகாரி வெளியே என்றார். வெளியே என்றால் வேலி யாருக்கு என்றாள். அவள் கண் ஒரு தரம் பின்பாறை உச்சிக்குப் போய் வந்ததை உதிரி பார்த்தான். மெத்தைகள் ஞாபகம் வந்தன. இடுப்பு வலி சட்டென்று மறந்துபோனது. அப்பன் கடையில் கற்ற வித்தையெல்லாம் அவன் நாக்கில் வந்து நின்றது.

"முளை மரமா இரும்பா ஐயா? மரம்னா என்ன மரம்? கரையான் அரிக்காதுன்னு உத்தரவாதம் உண்டா? அரிச்சா மாத்தித் தருவீங்களா? கொஞ்சம் அந்த இன்னொண்ணைக் காட்டுங்க, இல்ல இல்ல, அதுக்குக் கீழ இருக்கறது..."

முளைக்காரன் கட்டை அவிழ்த்துக் கீழே பரப்பிவிட்டான்.

அப்போதுதான் உச்சியிலிருந்து ஒரு தலையணை பறந்து வந்து முதலாளியின் காலடியில் விழுந்தது. விடுதியின் பெயர் அதில் தைத்திருந்தது. தொடர்ந்து பாறையில் ஒரு நூல் தண்ணீர். நூல் கயிறானது.

"உங்க தாத்தா அருவியைக் கண்டுபிடிக்கல," என்றாள் தராசு. இப்போது குழைவு இல்லை. "கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். காலங்காலமா தண்ணி விழற இடத்துல குழி விழும். உங்க முற்றத்துல போய்ப் பாருங்க, பாறை மேஜை மாதிரி கிடக்கு, நாலு பேர் உக்காந்து சாப்பிடலாம். குழி இங்க இருக்கு. இவங்க குடும்பம் குடியிருக்கறதும் இங்கதான். இத்தனை வருஷமா உங்க விரிப்பையெல்லாம் எதுல வெளுத்தாங்கன்னு நெனச்சீங்க?"

கயிறு அருவியானது. பெரும் இரைச்சலோடு வந்து, இம்மி விலகாமல், உருண்டைத் தொட்டியின் நட்ட நடுவில் விழுந்தது. தொலைந்த பசு தன் தொழுவத்துக்கு வழி கேட்காமல் வந்தது போல. அதிகாரியின் குடை பின்பக்கமாக மடங்கியது. கொட்டாவியும் நின்றது. அவர் தொட்டியைப் பார்த்தார், விடுதியைப் பார்த்தார், விடுதிக்கும் அப்பால் காவலாள் பதில் கொடுத்த சாலையைப் பார்த்தார். பிறகு முளைக்காரனின் தோளைத் தொட்டு அந்தத் திசையில் கையைக் காட்டினார். அவன் முளைகளைப் பொறுக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி நடந்தான்.

முதலாளி பதறிப்போய் மறுபடி கைக்குட்டையை ஆட்டினார். மதகை மூடத்தான் அந்தச் சைகை, திறக்க ஒன்று பேசி வைத்திருக்கவில்லை. மேலே இருந்தவன் விசுவாசமானவன். இன்னும் இரண்டு சுற்று இறுக்கினான். அருவி இன்னும் தடித்தது.

சாயம் கன்னத்தில் கறுப்பாக வழிய, முதலாளி சலவைக்காரம்மாவுக்கு எதிரே போய் நின்று கத்தினார். வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. கையைக் கும்பிட்டார், நீட்டினார், மறுபடி கும்பிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள் அவள். ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை.

அவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று சலவைக்காரம்மாவுக்கு நன்றாகவே தெரிந்தது. நனைந்த விரிப்பை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். இந்த முறை அவள் பதில் சொல்லவில்லை.